ஈயத்தின் கீழ் ஒரு வரி

1

இக்கதை எனக்கு உரியதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது என் மனைவியின் அலுவலகத்தில் நிகழ்ந்தது. அவள் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டே சொன்னாள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டேன். கதையின் பாதியில் அவளுடைய கை நின்றுவிட்டது. குழாயில் நீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குவளை நீரை வீணாக்கினாலும் என்னை ஒரு வாரத்திற்கு மன்னிக்காதவள் குழாயை மூட மறந்து நின்றாள். ஆதலால் இஃது எழுதத்தக்க செய்தி என உணர்ந்தேன்.

நான் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன். எழுத்துத் தமிழைத் தலை நரைத்த பின்னர், மாலை வகுப்பில் அமர்ந்து கற்றேன். ஒரு கதைக்குத் தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு ஆகிய நான்கும் இன்றியமையாதவை என்பது அங்கு எனக்குக் கற்பிக்கப்பட்டது. முதல் மூன்றும் என்னிடம் உள்ளன. நான்காவதைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

தொடக்கத்திற்கு நான் செய்த முயற்சிகள் வருமாறு:

மனித சமுதாயம் பண்டமாற்றைக் கைவிட்டு, விலை என்னும் கருத்தைக் கண்டறிந்த நாள் முதலாக —

(கைவிடப்பட்டது. உரக்கப் படித்தபோது, "என்னங்க, கதைன்னீங்க, விலைவாசி பத்திக் கட்டுரையா?" என்றாள்.)

அன்று காலை வானம் கருமேகங்களால் சூழப்பட்டு, வரவிருக்கும் துன்பத்தை முன்கூட்டியே —

(கைவிடப்பட்டது. "அன்னிக்கு நல்ல வெயிலு. துணி காயப்போட்டுட்டுத்தான் போனேன்.")

ஈயத்தின் விலைக்குக் கீழே ஒரு வரி தடித்த எழுத்தில் வெளிவந்திருந்தது.

இதைப் படித்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனவே இதுவே தொடக்கம்.

2

மனைவியைக் கதைக்குள் 'மனைவி' என்று எழுதினால் அவள் என்னைச் சார்ந்தவள் ஆகிவிடுகிறாள். அலுவலகத்தில் அவள் எவரையும் சார்ந்தவள் அல்லள். எனவே அங்கு அவளுக்கு வழங்கும் பெயரையே நானும் வழங்குகிறேன். அவர்கள் அவளைத் 'தசமம்' என்பர். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது என்பதற்காக, ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை ஒருமுறை நிறுத்தச் செய்தவள் அவள். அன்று திட்டியவர்களே பின்னர் அப்பெயரைச் சூட்டினர்.

தசமம், மாலைச் செய்தித்தாள் ஒன்றின் நிதிப் பக்கத்தை அமைப்பவள். அவளது மேசை சன்னலை ஒட்டியது; சன்னலுக்குக் கீழே தாள் உருளைகளை இறக்கும் முற்றம். நாள்தோறும் காலை பத்து மணியளவில், விலை நிலையம் என்னும் வணிகர் அமைப்பிலிருந்து அவளுக்கு ஒரு கோப்பு வரும். நாணயங்களின் மாற்று விகிதம், பத்திரங்களின் வட்டி, உலோகங்களின் விலை ஆகியவை அதில் வரிவரியாக இருக்கும். அக்கோப்பைக் கணினியில் இறக்கிக்கொண்டு, பக்கம் கட்டும் மென்பொருளுக்குள் செலுத்துவது அவள் பணி. அவ்வளவே.

'அவ்வளவே' என்று எழுதுவது எளிது. எண்கள் மட்டுமே நிறைந்த கோப்பு என்று உலகில் ஒன்று இல்லை. அவற்றின் தலைப்பகுதியில் தேதி, எடையளவு, அனுப்புநர் முதலிய குறிப்புகள் இருக்கும். அவை மனிதக் கண்ணுக்கானவை. கணினி அவற்றைத் தாண்டிச் செல்ல வேண்டும். அதை உணர்த்த அவ்வரிகளின் முன்னால் ஒரு குறியிடுவர். குறுக்கே இரு கோடுகள், நெடுக்கே இரு கோடுகள். ஹாஷ் என்பது அதன் பெயர். தசமத்தின் அலுவலகத்தில் அதை 'வேலி' என்பர். விலை நிலையத்தில் வேலியிட்ட வரி, கணினியைப் பொறுத்தவரை இல்லாத வரியாகும்.

செய்தித்தாள் அலுவலகத்திலோ வழக்கம் நேர்மாறானது. தசமத்திற்கு முன்னர் அம்மேசையில் இருந்த வடிவமைப்பாளர், பக்கத்தில் தாமே சேர்க்கும் 'உலோகங்கள்', 'நாணயங்கள்' போன்ற தலைப்புகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கருதினார். எனவே, வேலியுடன் தொடங்கும் வரி எதுவாயினும் அதைத் தடித்த எழுத்தில் அச்சிடுக என்று மென்பொருளுக்கு ஒரு விதி வகுத்தார். வந்த கோப்பின் தலையிலுள்ள சில வரிகளை மட்டும் தாண்டிச் செல்க என்பது இன்னொரு விதி. கோப்பின் நடுவில் வேலி வந்தால் என்ன செய்வது என்று அவர் சிந்திக்கவில்லை. நடுவில் வேலி வந்ததும் இல்லை.

ஆக, ஒரே குறி அங்கே வாயைப் பொத்துகிறது. இங்கே கையில் ஒலிபெருக்கியைக் கொடுக்கிறது.

# இனி என் சொந்தக் குறிப்புகளின் முன்னும் வேலி இடப்படும். அவசரமுள்ள வாசகர் தாண்டிச் செல்லலாம், கதை அறுந்துபோகாது.

# "ஒலிபெருக்கி நல்லா இருக்கு," என்றாள் தசமம். அவள் பாராட்டுவது அரிது. எனவே இதையும் பதிவு செய்கிறேன்.

3

பக்கம் அச்சுக்குப் போகும் முன் தசமம் எண்களை முந்தைய நாளின் எண்களோடு ஒப்பிடுவாள். எது துள்ளியிருக்கிறதோ அதன்மேல் அவள் விரல் நிற்கும். அன்று ஈயம் துள்ளவில்லை. பல நாள்களாகவே அது அசையவில்லை. ஆதலால் கண் வழுக்கிக்கொண்டு சென்றுவிட்டது. தடித்த எழுத்துகளை அவள் பார்த்தாள், ஆனால் படிக்கவில்லை. தலைப்புகளை மெய்ப்புப் பார்ப்பவர் எவர்?

பிற்பகலில் பொறுப்பாசிரியர், மை காயாத இதழைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய மேசைக்கு வந்தார்.

"ஏம்மா தசமம், இது தலைப்பா, குசும்பா?"

"எது சார்?"

"ஈயத்துக்குக் கீழ பாரு."

அவள் பார்த்தாள். அங்கே இருந்தது இது:

ஈயம்: இன்றும் கைமாறவில்லை. பெரியவர் சொன்ன எண்.

"நீ எழுதினதா?"

"நான் எழுதியிருந்தா 'பெரியவர்'னு எழுத மாட்டேன் சார். பேரைப் போட்டிருப்பேன்."

"அதான் எனக்குப் பயமே," என்று அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

பெரியவர் என்பவர் விலை நிலையத்தின் தலைவர். பழைய ஈயத்தை மொத்தமாக வாங்கி உருக்குவதும் அவர்தாம். சந்தையில் ஈயம் எதுவும் விற்கப்படாத நாளில் 'விற்பனை இல்லை' என்றே கோப்பில் குறிக்க வேண்டும். ஆனால் அவர் தொலைபேசியில் ஓர் எண்ணைச் சொல்வார், அவ்வெண் விலையாகிவிடும். இதைப் பொறுப்பாசிரியர் ஊகித்திருந்தார், தசமமும் ஊகித்திருந்தாள். தடித்த எழுத்தில் ஒருவரும் ஊகித்ததில்லை.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அவரே பேசினாரு," என்றார் பொறுப்பாசிரியர். "அப்படி ஒரு வரி எங்க ஃபைல்லயே இல்ல, உங்க ஆளுங்க பண்ணின வேலை, நாளைக்கே திருத்தம் போடுங்கன்னாரு. கத்தக்கூட இல்ல. ரொம்ப மரியாதையா சொன்னாரு. அதான் உதறுது."

"வரி அவங்க ஃபைல்லதான் சார் இருக்கு. காட்டட்டுமா?"

"காட்டலாம். காட்டினா அவரு அடுத்து என்ன கேப்பாரு? எவன்டா எழுதினான்னு கேப்பாரு. அங்க ஃபைல் எழுதுற ஆளு எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"அப்ப நீ காட்டுறது ஃபைலை இல்ல, அந்த மனுஷனை."

பொறுப்பாசிரியர் இதழை மடித்தார்.

"ரெண்டு வழிதான். ஒண்ணு, 'எங்கள் பிழையால் நேர்ந்தது, வருந்துகிறோம்'னு மூணு வரி போட்டுட்டு, இனிமே வேலி போட்ட எதுவும் உள்ள வராத மாதிரி ஒரு விதி போட்டுடு. இல்லை, திருத்தமே போட முடியாதுன்னு சொல்லு, நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். எனக்கு ரெண்டும் சம்மதம். பக்கம் உன்னோடது. மழுப்பல் மட்டும் வேண்டாம்."

# இத்தகைய நல்ல மேலதிகாரியைக் கதையில் வைப்பது நம்பத்தகுந்ததா என்னும் ஐயம் எனக்கு இருந்தது. "நல்லவர்தான், ஆனா முடிவு எடுக்க மாட்டாரு. எடுக்க வேண்டியதை அடுத்தவங்க மேசையில மரியாதையா வச்சுட்டுப் போயிடுவாரு," என்றாள். இப்பொழுது நம்புகிறேன்.

4

அன்று மாலை, வேலை முடியும் வேளையில் கீழ்த்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. யாரோ நிதிப் பக்கத்து அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறார். உள்ளே வரச் சொன்னால் செருப்பு முழுக்கக் கரி என்று சொல்லி வாசலிலேயே நிற்கிறார்.

அவர் பழைய வாகன மின்கலங்களை வாங்கிப் பிரித்து, அவற்றிலுள்ள ஈயத்தைக் கடைகளுக்கு விற்பவர். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது. இதழை நான்காக மடித்து, அந்த வரி மட்டும் மேலே தெரியும்படி பிடித்திருந்தார்.

"அக்கா, சண்டை போட வரல."

"சொல்லுங்கண்ணே."

"ஈயம் விலை ரொம்ப நாளா ஆடாம நிக்குது. மத்ததெல்லாம் ஏறுது, இது மட்டும் ஏறல. கடைக்காரர்கிட்ட கேட்டா உங்க பேப்பரைத் தூக்கிக் காட்டுறாரு. 'நான் என்னப்பா பண்ணட்டும், பேப்பர்லயே இவ்வளவுதான்'ங்கிறாரு. நாங்க நாலஞ்சு குடும்பம் இதே தொழில். பேப்பரே சொல்லிடுச்சேன்னு குடுத்துட்டு வந்துடுறோம்." அவர் வரியின்மேல் விரலை வைத்தார். "இன்னிக்கு இப்படிப் போட்டிருக்கீங்க. இது நெசமா?"

தசமத்தின் வாயில் 'ஆமாம்' வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "விசாரிக்கணும்ணே," என்றாள்.

"விசாரிங்க. பொய்னா, நாளைக்குப் பொய்னு போட்டுடுங்க. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன். நெசம்னா நீங்க ஒண்ணும் புதுசா போட வேண்டாம். சும்மா இருங்க, போதும். இந்தப் பேப்பர் துண்டை வச்சுக்கிட்டு நான் கடையில பேசிக்கிறேன்."

"இந்த ஒரு வரியை வச்சா?"

"பேப்பர்ல போட்டிருக்குன்னு சொல்லித்தானேக்கா அவரு எங்க வாயை அடைச்சாரு? அதே பேப்பர்தானே இதுவும்?"



5

இனி வருபவர், நான் மிகவும் ஐயுற்ற கதைமாந்தர்: கோப்பை எழுதி அனுப்பும் விலைக் குறிப்பாளர்.

முதல் வரைவில் அவரை ஒரு வீரராகப் படைத்தேன். அநீதியைப் பொறுக்காத அவர், உண்மையை உலகறியச் செய்ய வேண்டும் என்னும் துணிவுடன் —

("அவரா? நாளைக்கு லீவு வேணும்னு கேக்கவே ரெண்டு நாள் ஒத்திகை பாக்குறவரு," என்றாள் தசமம்.)

இரண்டாம் வரைவில் அவரை ஓர் அப்பாவியாக, ஆதரவற்றவராக, கண்ணீர் மல்க —

("அழவே இல்லைங்க. சாதாரணமா பேசினாரு.")

எனவே அவள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். தசமமும் அவரும் நேரில் சந்தித்ததில்லை. 'ஃபைல் வந்துடுச்சா மேடம்', 'வந்துடுச்சு சார்' என்னும் இரண்டு வாக்கியங்கள்தாம் பல ஆண்டுகளாக அவர்களுக்கிடையே இருந்த உறவு. அன்று அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவர் அழைத்தார்.

"மேடம், நான்தான்."

"சொல்லுங்க சார்."

"அது தடிமனாவா வந்திருக்கு?"

"ஆமா சார்."

"எவ்வளவு தடிமன்?"

"தலைப்பு அளவுக்கு."

பின்னர் அவர், "என் வீட்டுக்காரி வெட்டி எடுத்து வச்சிருக்கா," என்றார். "திட்டிக்கிட்டேதான் வெட்டினா. ஆனா ஓரமெல்லாம் நேரா வெட்டியிருக்கா."

தசமத்திற்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இருவரும் உடனே அடக்கிக்கொண்டனர்.

"எப்படி சார் வந்துச்சு?"

"தினம் எழுதுறதுதான் மேடம். வியாபாரம் நடந்தா ஒண்ணும் எழுத மாட்டேன். நடக்காம நம்பர் மட்டும் வந்தா, கீழ ஒரு வரி போட்டு வைப்பேன். வெளிய அனுப்பும்போது அந்த வரியையெல்லாம் கம்ப்யூட்டரே கழட்டிடும். நேத்து புதுசா ஏதோ மாத்தினாங்க. இது கழட்டல."

"யாருமே படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு யாருக்கு சார் எழுதினீங்க?"

"எனக்குத்தான். நாளைக்கு எவனாவது வந்து 'நீதானே போட்ட'ன்னு கேட்டா காட்டலாம்னு..." அவர் நிறுத்தினார். "இல்ல மேடம், அது சும்மா. பொய்யான நம்பரை அடிச்சுட்டு அப்படியே எந்திரிச்சுப் போக முடியல. கீழ ஒரு வரி எழுதிட்டுப் போனா சோறு இறங்குது. அவ்வளவுதான்."

"திருத்தம் போடச் சொல்றாங்க சார். தப்பு எங்களோடதுன்னு."

"போட்டுடுங்க மேடம். தப்பா நினைக்காதீங்க. இந்த வேலை போச்சுன்னா இந்த வயசுல எவன் கூப்பிடுவான்? போட்டுடுங்க." பின்னர், "ஆனா..." என்றார்.

"ஆனா என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்துடுச்சு போல, சத்தம் கேக்குது. ஏறுங்க மேடம்."

வந்தது அவள் போகவேண்டிய பேருந்துதான். அவள் ஏறவில்லை. அடுத்ததில் வந்தாள். அதன் பின்னர்தான் பாத்திரமும், குழாயும்.

# வாக்கியத்தை முடிக்காமல் விடுவது பிழை என்று கற்றிருக்கிறேன். அந்த 'ஆனா'வை முடித்துவைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. தசமம் என் பேனாவைப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

6

அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் ஒரு முடிவு வேண்டும். அவளுக்கு அது வாழ்க்கையில் வேண்டும். எனக்குக் கதையில் வேண்டும். ஆகவே இருவரும் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்தோம். நான் முடிவுகளை எழுதி எழுதிப் படித்தேன். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

முடிவு அ: திருத்தம் வெளியாகிறது. குறிப்பாளரின் வேலை நிலைக்கிறது. பெரியவர் அமைதியடைகிறார். மின்கலக்காரர் தம் கையிலிருந்த துண்டை —

"நிறுத்துங்க. அந்த அண்ணன் முகத்தை நீங்க பாக்கல."

முடிவு ஆ: திருத்தம் வெளியாகவில்லை. மின்கலக்காரர் கடையில் தலைநிமிர்ந்து பேசுகிறார். விலை உயர்கிறது. விலை நிலையத்தில் ஒரு நாற்காலி —

"இந்த சார் குரலை நீங்க கேக்கல."

முடிவு இ: இதை எழுதி முடித்தபோது எனக்கே என்மீது மதிப்பு உண்டாயிற்று. அத்திருத்தம் பின்வருமாறு: 'நேற்றைய இதழில் ஈயத்தின் விலைக்குக் கீழே வெளிவந்த வரி, தடித்த எழுத்தில் அமைந்திருத்தல் கூடாது. நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்.'

தசமம் மடித்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள்கள் குலுங்கின. நானும் பெருமிதத்தோடு காத்திருந்தேன். சிரித்து முடித்தபின் சட்டையை மறுபடி மடித்தாள்.

"பிரமாதமா இருக்கு. இதைப் படிச்சதும் பெரியவர் என்ன செய்வாரு?"

"யார் எழுதினான்னு தேடுவாரு."

"அப்ப இது ரெண்டாவது முடிவேதாங்க. சட்டை மட்டும் மாத்திப் போட்டிருக்கு. மழுப்பல் வேண்டாம்னு வேற எங்க சார் சொல்லியிருக்காரு."

முடிவு ஈ: செய்தியாளரை அனுப்பி, ஈயம் விற்கப்பட்டதா இல்லையா என்று கடைகடையாக விசாரித்து, உண்மையைத் தனிச் செய்தியாக வெளியிடுவது. இதில் குறிப்பாளரின் வரி தேவைப்படாது. இதைச் சொன்னபோது அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"அதைச் செய்யத்தான் போறோம். எங்க சார்கிட்ட கேட்டாச்சு. நாளாகும்ங்க. கடைக்காரங்க எல்லாம் பெரியவரை நம்பிப் பொழைக்கிறவங்க, சட்டுனு வாயைத் திறக்க மாட்டாங்க. அதுக்குள்ள நாளைக்குத் திருத்தம்னு ஒண்ணு போட்டுட்டா, அப்புறம் நாங்க என்ன எழுதினாலும் 'நீங்கதானே தப்புன்னு சொன்னீங்க'ம்பாங்க."

துணி மடித்து முடிந்தது. முடிவுகளும் தீர்ந்தன.

"பேசாம நீங்க லிப்ட் ரிப்பேர் பத்தியே எழுதியிருக்கலாம்," என்றாள்.

"அதுல முடிவு சுலபம்மா. ஒண்ணு மேல போகும், இல்ல கீழ போகும்."

7

காலையில், வேலைக்குப் புறப்படும் முன், சமையலறைச் சன்னலின் அருகில் நின்று அவளே குறிப்பாளரை அழைத்தாள். நான் கேட்காதவனைப் போல் காலணிக்கு மெருகிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே காலணிக்கு, மீண்டும் மீண்டும். அலைபேசியின் ஒலி எப்பொழுதும்போல் உரக்க வைக்கப்பட்டிருந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு உடனே பதில் சொல்ல வேண்டாம்."

"சொல்லுங்க மேடம்."

"வேலி வரியையெல்லாம் தூக்கிப் போடுற விதியை நான் இன்னும் போடல. இன்னிக்கு ஃபைல் வர்ற வரைக்கும் போட மாட்டேன். நீங்க என்ன அனுப்புறீங்களோ, அது அப்படியே அச்சுல வரும். நேத்து உங்களுக்குத் தெரியாம வந்துச்சு. இன்னிக்குத் தெரிஞ்சு வரும்."

மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுத்து அமர்வது கேட்டது.

"ஃபைல் சுத்தமா வந்தா, தப்பு எங்களோடதுன்னு மூணு வரி போட்டுடுறேன். விதியையும் போட்டுடுறேன். அப்புறம் நீங்க கீழ என்ன எழுதினாலும் எங்க பக்கம் யார் கண்ணுலயும் படாது. சுத்தமா வரலைன்னா, திருத்தம் கிடையாது. பெரியவர்கிட்ட எங்க சார் பேசிப்பாரு. அவரு பேசினா உங்க வேலை தங்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"என் தலையில போடுறீங்களே மேடம்."

"ஆமா சார். அது உங்க வரி. உங்களைக் கேக்காம அதை நான் பொய்னு சொல்லவும் முடியல, நெசம்னு சொல்லவும் முடியல."

அவள், மின்கலக்காரர் வந்து நின்றதையும் கேட்டதையும் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"எத்தனை குடும்பம்னாரு?" என்று கேட்டார்.

"நாலஞ்சுன்னாரு."

"ம்." பிறகு, "எங்க தெருவுலகூட ஒருத்தர் இருக்காரு மேடம், பேட்டரி பிரிக்கிறவரு. அவரா இருக்காது. இவரு பேப்பரெல்லாம் படிக்க மாட்டாரு," என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் துண்டித்தாரா, தானாக அறுந்ததா என்று தெரியவில்லை.

நான் மெருகுத் துணியைக் கீழே வைத்தேன்.

"சுமையை இறக்கி அவரு தோள்ல வச்சுட்டியேம்மா. இது நியாயமா?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. எங்க சார் என் மேசையில வச்சுட்டுப் போன மாதிரியே நானும் வச்சுட்டேன்னு தோணுது. ஆனா, இது முதல்லேருந்தே என் சுமை இல்லைன்னும் தோணுது. ரெண்டும் சேர்ந்து தோணுதுங்க. எழுதும்போது ஒண்ணை மட்டும் எழுதிடாதீங்க."

ஒன்றை மட்டும் எழுதவில்லை.

8

அன்று கோப்பு வந்தது. வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாகவே வந்தது. தசமம் அதை நேராக மென்பொருளுக்குள் செலுத்தாமல், முதலில் திறந்து படித்தாள். தலைக் குறிப்புகள். நாணயங்கள். பத்திரங்கள். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம். ஈயத்தின் விலை அன்றும் மாறியிருக்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தாள். பிறகு, சொன்னபடியே செய்தாள். பக்கம் அச்சுக்குப் போயிற்று.

அவள் என்ன பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்த இதழை நானே காசு கொடுத்து வாங்கினேன். ஆயினும் எழுதப்போவதில்லை. செய்தித்தாள் மறுநாளே பொட்டலத்தாளாகி விடுகிறது. கதை அப்படியன்று, அது அலமாரியில் நிற்கும். அவருடைய வரியை அவரைக் கேளாமல் நிலைநிறுத்த எனக்கு உரிமையில்லை. கேட்டனுப்பினேன். தசமத்தின் வழியாக வந்த மறுமொழி இது: "எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க மேடம். அன்னிக்கு நான் அனுப்பினதை மட்டும் வேண்டாம்." அனுப்பியது துணிவு என்பதால் மறைக்கிறாரா, அச்சம் என்பதால் மறைக்கிறாரா என்று நீங்கள் ஆராய வேண்டாம். இரண்டுக்கும் மனிதன் கூச்சப்படுவதுண்டு.

# இங்கே நான் செய்வது, தசமத்தை நான் குறைகூறிய அதே செயல். சுமையை இறக்கி அடுத்தவர் தோளில் வைக்கிறேன். நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து தோன்றுகிறது.

ஆகையால், இனி நீங்கள் அவர்.

அறை சிறியது, மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழல்கிறது. சந்தைக்குக் கொண்டுசென்ற பை இன்னும் மேசைக்கடியிலேயே கிடக்கிறது. இன்றும் ஈயம் கைமாறவில்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தொலைபேசி ஒலிக்கிறது. பெரியவர் நலம் விசாரிக்கிறார், வீட்டில் எல்லாரும் எப்படி என்கிறார், அதன் பின்னர் எண்ணைச் சொல்கிறார். நேற்றைய எண்தான். "சரிங்கய்யா," என்கிறீர்கள். அடிக்கிறீர்கள்.

அடித்தாகிவிட்டது. எண்ணுக்குக் கீழே, அடுத்த வரியின் தொடக்கத்தில், திரையின் சுட்டிக்கோடு விட்டுவிட்டு மின்னுகிறது. இதுவரை அவ்விடத்தில் நீங்கள் எழுதியவை அனைத்தும் உங்களுக்காக மட்டுமே இருந்தன.

பத்து மணியாகிறது. அங்கே ஒருத்தி, எந்த விதியும் போடாமல், காத்துக்கொண்டிருக்கிறாள்.